நேரம் கழித்து வந்த படை

பொத்தான் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டையைக் கொண்டுவருவதில்லை. நிறத்தை வாயால் சொல்வார்கள். "ப்ளூ, ஆனா அவ்ளோ ப்ளூ இல்ல" என்பார்கள். இப்படி வருகிறவரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது. இருக்கிறது என்றும் சொல்லக்கூடாது. ஒரு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். பிறகு இன்னொன்று. டப்பாக்கள் ஏற ஏற அவருக்குத் தன் சட்டையின் நிறமே மறந்துபோகும். அப்போது நம் கையில் எது இருக்கிறதோ அதுதான் அவருடைய நிறம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தையல் சாமான் கடை. பொத்தான், ஜிப், நூல், லைனிங் துணி. பொறுமையைத் தவிர நாங்கள் விற்காத சரக்கு இல்லை. அதை மட்டும் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்வோம்.

நடந்ததை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது நான் உடனே பேனாவை எடுக்கவில்லை, இன்ஸ்பெக்டர் சார். தயக்கம் என்று நினைத்துவிட்டீர்கள். எந்த மொழியில் எழுதுவது என்றுதான் யோசித்தேன். கன்னடத்தில் பேரம் பேசுவேன், தக்கினி உருதுவில் திட்டுவேன், இங்கிலீஷில் ஜிஎஸ்டி கட்டுவேன். உண்மை சொல்ல வேண்டுமானால் எனக்குத் தமிழ்தான், அதுவும் அதிகம் புழங்காத தமிழ். மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். நல்லது.

என் பெயர் சேஷகிரி. செத்தவன் பெயர் ரெமிஜியஸ். எனக்கு அவனைத் தவிர வேறு நண்பன் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் நடிப்பு போலத் தோன்றும்.

ஒரே கட்டடத்தில் கீழே அவன், மாடியில் நான். அவன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். எங்கள் பேட்டையில் கார் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். எனக்கும் அவன்தான். இந்த ஊரின் ரோடுகளை அவன் அளவுக்குத் தெரிந்தவர் உங்கள் டிபார்ட்மெண்டில்கூட இருக்க மாட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் மனைவி பிரிஜெட், ஒரே மகள் கேரல். என் மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. எனக்கு ஒரே மகன், ராகேஷ். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு அடுப்பு எரிந்ததே இல்லை. பூசை முடிந்து வந்ததும் பிரிஜெட் ஒரு தூக்குவாளியில் பிரியாணி கொடுத்தனுப்புவாள். அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ரெமிஜியஸ் மாடிக்கு வருவான். நாங்கள் சாப்பிட்டுவிட்டு யுத்தம் செய்வோம்.

அந்த விளையாட்டை ராகேஷ் காலேஜில் படிக்கும்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். பதினெட்டாம் நூற்றாண்டுத் தக்காணம். பூனாவிலிருந்து ஆற்காடு வரைக்கும் வரைபடம், மலை, ஆறு, கோட்டை, கணவாய். ஆளுக்கொரு ராஜ்யத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆள் இல்லாத ராஜ்யத்தைக் கம்ப்யூட்டரே ஆடும். மகனுக்குச் சீக்கிரம் சலித்துவிட்டது. அப்பன்களுக்குப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கம்ப்யூட்டரை வாங்கி இரண்டையும் முதுகோடு முதுகாகப் போட்டோம்.

அவன் எப்போதும் மைசூர். நான் எப்போதும் மராட்டா. இருவரும் கூட்டணி. கம்பெனிப் படையைக் கம்ப்யூட்டர் ஆடும். ரெமிஜியஸ் குதிரைப்படைக்காரன்; எதிரி தெரிந்தால் போதும், பாய்வான். பின்னால் தானிய வண்டி வருகிறதா, மழைக்காலம் நெருங்குகிறதா, ஒன்றும் பார்க்க மாட்டான். கோட்டையை முற்றுகையிட்டால் ஏணி சாத்தி ஏறுவான். நான் ஏணி வாங்கியதே இல்லை. கோட்டைக்குள் இருப்பவனுக்கும் பசிக்கும், அதுவரை வெளியே உட்கார்ந்திருந்தால் போதும் என்பது என் கட்சி. அவன் சிரிப்பான். "நீ சண்டை போட வரலடா, கடை போட வந்திருக்க" என்பான்.

அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. கூட்டாளி போரில் மாட்டிக்கொண்டால் உங்கள் திரையில் ஒரு தூதன் வந்து நிற்பான்: உதவிக்கு வா. முடியாது என்றால் உங்கள் மரியாதை விழும். பிறகு எந்த அரசனும் உங்களோடு ஒப்பந்தம் போட மாட்டான். வருகிறேன் என்று சொல்லிப் படையைக் கிளப்பிவிட்டால் மரியாதை அப்படியே இருக்கும். எந்த வழியாக வருகிறீர்கள் என்று ஆட்டம் கேட்பதில்லை. கணவாய் வழி குறுக்கு, ஆற்றங்கரை வழி சுற்று. நம்பிக்கைத் துரோகத்துக்குத் தண்டனை வைத்தவர்கள் தாமதத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று, மொத்த விலையில் ஒரு கெஜம் அதிகம் அளந்து வாங்கியது போன்ற சந்தோஷம் எனக்கு.

நான் ஒரு தடவைகூட வர மாட்டேன் என்று சொன்னதில்லை. வந்தேன். நான் போய்ச் சேரும்போது மைசூர்ப் படை அழிந்திருக்கும், அழித்த கம்பெனிப் படை களைத்திருக்கும். களைத்தவனை அடித்துவிட்டு இரண்டு பேர் நிலத்தையும் எடுத்துக்கொள்வேன். சரித்திரத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடிக்கப் போன கார்ன்வாலிஸ் தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான், உதவிக்கு வரவேண்டிய மராட்டியர் எதிரே வந்து சேர்ந்தார்கள். அவர்களையும் யாரும் தூக்கில் போடவில்லை.

ரெமிஜியஸ் இதைத் துரதிர்ஷ்டம் என்றே நம்பினான். "உன் குதிரைங்களுக்கெல்லாம் மூட்டு வலியாடா?" என்று கேட்பான். அடுத்த ஞாயிறும் என்னோடுதான் கூட்டணி போடுவான்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

என் அக்கா சொர்ணத்தைச் சிக்பேட்டையில் கொடுத்திருக்கிறது. மச்சான் சீனிவாசராகவனுக்கு அங்கே மொத்த வியாபாரம். என் கடைக்கு வரும் சரக்கில் முக்கால் பங்கு அவர் கொடுப்பது. கேட்டபோது கொடுப்பார், நானாகக் கொடுக்கும்வரை பணம் கேட்க மாட்டார். அவர்களுடைய மகள் மகா. ராகேஷுக்கு முறைப்பெண். இரண்டும் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி முடித்த விஷயம். பத்திரம் எழுதவில்லை, எங்களுக்குள் எதற்குப் பத்திரம். மகா என் வீட்டுக்கு மருமகளாக வரவில்லை என்றால் சரக்கு நாளைக்கு வரும், நாளன்றைக்கு வரும், பிறகு வராது. யாரும் சண்டை போட மாட்டார்கள். எங்கள் ஜனங்கள் சண்டை போட்டுக் கடையை மூட மாட்டார்கள். நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

ராகேஷும் கேரலும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள்; எனக்குத் தெரியாமல் போனது என் தவறுதான். ஒரு ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் ரெமிஜியஸ் கம்ப்யூட்டருக்கு மேலே தலையைத் தூக்கிச் சொன்னான்: "சேஷா, நாம சம்பந்தி ஆகப் போறோம்டா. நிஜக் கூட்டணி."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? நல்லது என்றேன். எழுந்து போய் அவன் கையைப் பிடித்தேன். நீ உன் பக்கத்தைச் சரிசெய், நான் அக்காவிடம் பேசி என் பக்கத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

அவன் பக்கம் லேசானது இல்லை. பிரிஜெட்டுக்கு மனமில்லை, ஞானஸ்நானம் வாங்காத மாப்பிள்ளையா என்று அழுதாள். அவள் தம்பி டெரிக் கோலாரிலிருந்து வந்து கூச்சல் போட்டான். கோயிலில் அனுமதி வாங்க வேண்டும், சொந்தக்காரர்களைச் சமாதானம் செய்ய வேண்டும். இவ்வளவு பேரையும் ரெமிஜியஸ் தனியாகவே எதிர்கொண்டான். டெரிக் வந்த அன்று என்னை வரச்சொன்னான். பையனின் அப்பாவே சம்மதித்து வந்து நின்றால் டெரிக் அடங்குவான் என்பது அவன் எண்ணம். வருகிறேன் என்றேன். வந்தேன். டெரிக் கிளம்பிப் போயிருந்தான். பிரிஜெட் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸ் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். "கடைல கூட்டமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உண்மையில் கூட்டம்தான், பள்ளிக்கூடம் திறந்து யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும் காலம்.

அவன் இருதயத்தில் அடைப்பு ஆரம்பித்திருப்பதாக டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். பிரிஜெட்டிடம் சொன்னால் கல்யாணத்தை நிறுத்திவிடுவாள் என்று என்னிடம் மட்டும் சொன்னான். மாத்திரை அட்டையைக்கூட என் வீட்டு அலமாரியில்தான் வைத்திருந்தான். தினமும் காலையில் மாடி ஏறி வந்து போட்டுக்கொண்டு போவான். கோபப்படக்கூடாது, அலையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் நினைவுபடுத்துவேன். நினைவுபடுத்திவிட்டு, அக்கா இன்னும் பிடிகொடுக்கவில்லை, நீ முதலில் கோயில் அனுமதியை வாங்கிவிடு என்பேன். அக்காவிடம் நான் பேசவே இல்லை. ஆனால் பேசிவிட்டேன் என்று நான் சொன்னதும் இல்லை. என் வார்த்தைகளை நீங்கள் எவ்வளவு உதறிப் பார்த்தாலும் அதில் ஒரு பொய் விழாது.

அவன் விடவில்லை. பிரிஜெட்டை இணங்கவைத்தான். கோயில் அனுமதி வந்தது. ஜனவரியில் கல்யாணம் என்று நாள் குறித்தான். ஏணி சாத்தி ஏறுகிறவன் சில சமயம் உண்மையிலேயே ஏறிவிடுவான். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நிலைமையை நீங்கள் என் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். முழுக் கல்யாணமும் ஒரே மனிதன் மேல் நின்றது. பிரிஜெட் அவனுக்காக ஒப்புக்கொண்டவள். டெரிக் அவனுக்குப் பயந்து அடங்கியவன். அவன் இல்லாவிட்டால் துக்கம். துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை நல்ல காரியம் கிடையாது. வருஷத்தில் எவ்வளவோ நடக்கும். பிள்ளைகளின் மனம் மாறும், பிரிஜெட் தம்பியோடு கோலாருக்குப் போவாள், மகா இங்கே வந்து போவாள். எனக்கு அவனோடு ஒரு விரோதமும் கிடையாது. எனக்குத் தேவைப்பட்டது காலம் மட்டும்.

நான் எதையும் திட்டமிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சந்தைக்குப் போகிறவன் எல்லாம் வாங்குவதற்கென்றே போவதில்லை. மலிவாக வந்தால் விடமாட்டான்.

ஆயுத பூஜைக்கு முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம். ராகேஷ் ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தான். என் வண்டி கடையில் இருந்தது, அவன் கார் வாசலில் நின்றது. பிரிஜெட் நவநாள் ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். கேரல் தொம்மலூரில் ஆபீஸில் இருந்தாள். ரெமிஜியஸ் மாடிப்படி ஏறி வந்து என் வாசலில் நின்றான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "சேஷா, நெஞ்சு சரியில்ல. கை எல்லாம் இழுக்குது" என்றான்.

கைத்தாங்கலாகக் கீழே இறக்கிவந்தேன். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் அய்யாவு இருந்தான். பார்த்தவுடனே ஓடிவந்தான். "அண்ணா, இங்க பக்கத்துலயே போயிடலாம், அஞ்சு நிமிஷம்கூட ஆவாது" என்றான். அவன் சொன்னது சரி. நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கிறது. ரெமிஜியஸைப் பார்த்துவந்த டாக்டர் அங்கேதான் இருக்கிறார்.

நான் சொன்னேன்: "இது ஹார்ட்டு, அய்யாவு. சின்ன எடத்துல வெச்சு வேடிக்க பாக்க முடியாது. ஹெப்பகோடிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்."

ஹெப்பகோடி ஓசூர் ரோட்டில், எலக்ட்ரானிக் சிட்டியையும் தாண்டி ஊருக்கு வெளியே. அய்யாவு ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு அவன்தான் கார்க் கதவைத் திறந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு எதிராக நம் ஜனங்களில் யாரும் பேச முடியாது. பேசினால் செலவுக்குப் பயந்தவன் ஆகிவிடுவான். பக்கத்து ஆஸ்பத்திரியில் உயிர் போனால் கொண்டுபோனவன் மேல் பழி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போனால் விதியின் மேல் பழி. நானே பிரிஜெட்டுக்குப் போன் செய்து சொன்னேன். "அண்ணா, நீங்க இருக்கறதால தைரியமா இருக்கேன்" என்றாள்.

லீவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை ஓசூர் ரோடு எப்படி இருக்கும் என்று ஹாசன்காரரான உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெங்களூரில் இருக்கும் தமிழர் எல்லாம் அன்று ஊருக்குக் கிளம்புவார்கள். மடிவாளாவில் சேலம், மதுரை, திருநெல்வேலி என்று பஸ்கள் ரோட்டிலேயே நின்று ஆள் ஏற்றும். பெட்டியும் குழந்தையுமாக ஜனம் கார்களுக்கு நடுவில் நடக்கும். அந்த ரோட்டில் ஆம்புலன்ஸ்கூட நின்று யோசிக்கும். இது எனக்குத் தெரியும்; வருஷா வருஷம் அந்தப் பஸ்களில் என் சரக்கும் போகிறது.

மடிவாளாவில் நிற்கும்போது கேரல் போன் செய்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். இருந்த இடத்தைச் சொன்னேன். அப்பாவிடம் கொடுங்கள் என்றாள். அவன் காதில் வைத்தேன். "வந்துடுவேம்மா. சேஷா அங்கிள் கூட இருக்கான், பயப்படாத" என்று சொன்னான். பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் நானே பேசினேன். சில்க் போர்டு என்றேன். பொம்மனஹள்ளி என்றேன். கூட்லு கேட் என்றேன். ஒவ்வொரு தடவையும் உண்மையான இடத்தையே சொன்னேன். சிக்னலில் நின்றபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கூட்லு கேட்டுக்குப் பிறகு அந்தக் கை என்னைப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வாசலிலேயே பார்த்துவிட்டுச் சொன்னார்கள். அவர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். என் தோளில் கை வைத்து, ட்ராஃபிக்கில் இவ்வளவு தூரம் முயற்சி செய்தீர்களே என்றார். நான் அழுதேன். அது நிஜ அழுகை. ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

அடக்கத்தில் சவப்பெட்டியின் முன்பக்கத்தை நான் தூக்கினேன். பிரிஜெட் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜனவரிக் கல்யாணம் தானாக நின்றுபோனது. நான் யாரிடமும் நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என் கணக்கு எங்கே பிசகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோட்டை விழுந்தால் அதைச் சுற்றியுள்ள தேசம் கலைந்துவிடும் என்பது ஆட்டம் சொல்லித் தந்தது. செத்தவனின் வாக்குக்குப் படை சேரும் என்பது அதில் இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து கீழ் வீட்டில் சாப்பாடு. பந்தி முடிந்ததும் பிரிஜெட் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: வருஷமெல்லாம் தள்ள வேண்டாம், அவர் வாயால் சொன்ன கல்யாணம், ஈஸ்டர் முடிந்ததும் வைத்துவிடலாம். அழுது எதிர்த்தவள் அவளேதான். கூச்சல் போட்ட டெரிக், மாமா பேச்சுதான் எனக்கும் என்றான். உயிரோடு இருந்தவனோடு பேரம் பேசினார்கள். போனவனிடம் சொன்ன விலைக்கே வாங்கினார்கள்.

கேரல் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அங்கிள், சர்ச்ல என் கையப் புடிச்சு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். கடைசில அப்பாகூட இருந்தது நீங்கதானே" என்றாள். சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது.

அந்த நேரத்தில் டெரிக் ஒரு வேடிக்கை பேசினான். கெட்ட எண்ணம் இல்லை. துக்க வீட்டில் முதல் சிரிப்பை யாராவது ஆரம்பித்துவைக்க வேண்டும் அல்லவா. "சேஷா அண்ணே, பொம்மனஹள்ளி, கூட்லு கேட்டுன்னு கேரல்கிட்ட சொன்னீங்களே. அன்னைக்குமா மேம்பாலத்துல டோல் மிச்சம் புடிச்சீங்க?" என்றான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சிரித்தார்கள். சில்க் போர்டில் ஏறினால் எலக்ட்ரானிக் சிட்டியில் இறக்கிவிடும் மேம்பாலம் அது. கட்டணம் உண்டு, சிக்னல் கிடையாது. பொம்மனஹள்ளி, கூட்லு கேட் வழியாகக் கீழே போனால் கட்டணம் இல்லை, சிக்னல் உண்டு. நான் தலையைக் குனிந்துகொண்டு, பழக்கம்பா, புத்தி போகல, என்றேன். பிரிஜெட்கூட, அவர மாத்த முடியாது விடுடா என்று எனக்காகப் பரிந்து பேசினாள். கஞ்சன் என்ற பேரை நான் நெடுங்காலமாகச் சம்பாதித்து வைத்திருக்கிறேன். அன்று அது செல்லுபடியானது.

ராகேஷ் மட்டும் சிரிக்கவில்லை.

மாடிக்கு வந்து கதவைச் சாத்தினான். "டோலுக்காகவா கீழ போனீங்க?" என்று கேட்டான்.

"பழக்கம்டா."

"உங்க வண்டில போனா கீழதான் போவீங்க. என் கார்ல எப்பவும் மேலதான். நூல் எடுக்க ஓசூர் போற ஒவ்வொரு தடவயும் ஃபாஸ்டேக்ல காசு புடிச்சாங்கன்னு எனக்கு மெசேஜ் வரும். என் காசுன்னா அப்பாவுக்குக் கை தாராளம்னு கேரல்கிட்ட காட்டிச் சிரிப்பேன். அன்னைக்கு என் கார்தான். மெசேஜ் வரல."

பதற்றத்தில் தோன்றவில்லை என்றேன்.

"பதட்டமா இருக்கறவன் எதுலப்பா ஏறுவான்?"

அவன் இரண்டு கம்ப்யூட்டரையும் பார்த்தான். அணைந்து கிடந்தன, துணி போட்டு மூடியிருந்தேன். "காலேஜ் நாள்ல என்கூட ஆடும்போதும் இப்படித்தான் சுத்தி வருவீங்க" என்றான். "ரெமி அங்கிளுக்குத் தெரியாத ரோடா? அவர் ஒண்ணுமே சொல்லலையா?"

கம்ப்யூட்டர் மேல் நழுவியிருந்த துணியை நான் இழுத்துவிட்டேன். அவன் கீழே இறங்கிப் போனான். பிறகு உங்களிடம் வந்தான்.

திருடன் கால்தடத்தில் மாட்டுவான். வியாபாரி பழக்கத்தில் மாட்டுவான். நான் கஞ்சன் வேஷம் போட்டபோது, அடுத்தவன் காசில் நான் கஞ்சனே இல்லை என்பதை மறந்துவிட்டேன். என் மகன் எனக்குப் பிறந்தவன். அவன் கணக்குப் பார்த்துவிட்டான். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. இந்த வரியை மொழிபெயர்க்கிறவர் விட்டுவிடலாம்.

இப்போது நிலைமை உங்களுக்கே தெரியும். சிக்பேட்டையில் விஷயம் பரவியதும் மச்சான் சரக்கை நிறுத்திவிட்டார். மகாவுக்கு வேலூரில் பேசுகிறார்களாம். வரும் சனிக்கிழமை கோயிலில் கல்யாணம். கேரலின் கையை டெரிக் பிடித்துக்கொண்டு போகப்போகிறான். என் வீட்டுச் சார்பில் யாரும் இருக்க மாட்டார்கள். யாரைக் காப்பாற்ற இதைச் செய்தேனோ அந்த ராகேஷ் என்னைப் பார்க்க வருவதில்லை. தோற்ற ஆட்டங்களும் உண்டு. நான் அதிகம் தோற்றதில்லை என்பதால் பழக்கம் இல்லை.

இது எந்தச் செக்ஷனில் வரும் என்று நீங்களும் உங்கள் ரைட்டரும் குறைந்த குரலில் பேசிக்கொண்டீர்கள். நல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது குற்றமா, நெரிசலில் நிற்பது குற்றமா, கட்டணம் இல்லாத ரோட்டில் போவது குற்றமா என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்கும். சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அவன் போய்ச் சேரக்கூடாது என்று தெரிந்தே அந்த ரோட்டில் போனேன். இதற்கு மேல் தெளிவாக என்னால் எழுத முடியாது.

நேற்றுக் கடைசியாக நீங்களும் ராகேஷ் கேட்டதையே கேட்டீர்கள், வண்டியில் அவன் ஏதாவது சொன்னானா என்று. நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். இப்போது சொல்கிறேன்.

சில்க் போர்டு தாண்டி மேம்பாலம் பிரியும் இடம் வந்தது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் திறந்து பார்த்தான். "மேல ஏறு" என்றான். நான் கீழே போகும் இடப்பக்கத்திலேயே இருந்தேன். மேலே வண்டிகள் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வழி கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. எத்தனையோ ஞாயிறுகளில் கேட்காததை எல்லாம் அவன் அப்போது ஒன்றாகச் சேர்த்துக் கூட்டிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். முகத்தில் கோபம் இல்லை. மூச்சு வாங்கியதால் சொல் சொல்லாகத்தான் வந்தது.

"சரி சேஷா. மெதுவாவே போ. புள்ளைங்க கல்யாணத்துக்கு மட்டும் நேரத்தோட வந்து நில்லு. வேற எதுவும் வேணாம்."

இதை அவன் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், சார். மெதுவாகப் போகச் சொன்னது அவன். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் அவன். வண்டியில் அவன் பேச்சை நான் ஒருநாளும் மீறியதில்லை. அதற்குப் பிறகு ஒரு சிக்னலில்கூட நான் அவசரப்படவில்லை.